பருவம் காட்டும் பலசரக்குக் கடை



கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளைத் தமிழர் வகுத்தனர் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே பார்க்கின்றனர். வெளியே என்ன இருக்கிறது? வெயில். வெயில் இல்லாவிடில் மழை. நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே கிடக்கும் பினாங்குத் தீவில் பனியை எங்கே போய்க் காட்டுவது? மார்கழியிலும் மின்விசிறி சுழல்கிறது; சித்திரையிலும் அதே விசிறிதான் சுழல்கிறது. சனவரி, பிப்ரவரியில் மழை சற்றுக் குறைகிறது. செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கிறது. வானம் நமக்குக் காட்டும் பருவ வேறுபாடு இவ்வளவே.

அப்படியானால் பினாங்கில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைக்குப் பருவம் என்ற ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. அது வானத்தில் இல்லை. மளிகைக்கடை வாசலில் இருக்கிறது. நம் சமூகத்துப் பலசரக்குக் கடை பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்காமல் இருக்க வேண்டும் என்பது பற்றி நெடுநாளாக எழுத எண்ணியிருந்தேன். உணவைப் பற்றி எழுதத் தொடங்கினால் மதுவைப் பற்றியும் எழுதாமல் முடிக்க இயலாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைத்தெருவின் நாட்காட்டி

ஜார்ஜ்டவுனில் இன்று 'லிட்டில் இந்தியா' என்று சுற்றுலாப் பயணிகள் அறியும் பகுதியில் லெபோ பாசார் என்ற தெரு உண்டு. ஆங்கிலேயர் வைத்த பெயர் மார்க்கெட் ஸ்திரீட். நம் முன்னோர் அதைக் 'கடைத்தெரு' என்றே அழைத்தனர். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் துறைமுகம் அமைத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர்கள் இங்கு வந்து குடியேறினர். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் ஆலயமும் அருகருகே நின்று அக்குடியேற்றத்திற்குச் சான்று கூறுகின்றன. 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்ந்து ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. யுனெஸ்கோ வந்து பார்ப்பதற்கு முன்பும் பின்பும் கடைத்தெரு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது: மிளகாய், மல்லி, பருப்பு விற்பது.

அத்தெருவில் மாதம் ஒரு முறை நடந்து பாருங்கள். நாட்காட்டியே தேவைப்படாது.

மார்கழியின் கடைசி நாட்களில் கடை வாசல்களில் கரும்புக் கட்டுகள் சாத்தி வைக்கப்படும். பக்கத்தில் இலையோடு மஞ்சள் கொத்து. தரையில் அடுக்கிய மண்பானைகள். அதுதான் தை. அது கழிந்து சில நாட்களில் தேங்காய் மூட்டைகள் வந்து இறங்கும். தைப்பூசத்திற்கு முதல் நாள் முருகப் பெருமானின் இரதம் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும்போது சாலையில் உடைபடுவதற்கான தேங்காய்கள் அவை. தமிழர் மட்டுமல்லர், சீனரும் வரிசையாக நின்று உடைக்கின்ற காட்சியை உலகில் வேறெங்கும் எளிதில் காண இயலாது.

சீனப் புத்தாண்டுக்கு மாண்டரின் ஆரஞ்சுப் பெட்டிகள். சித்திரைக்கு வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும். கசப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் ஒரே தட்டில். நோன்பு மாதம் வந்தால் பேரீச்சம்பழமும், கஞ்சிக்கான குறுணை அரிசியும், வெந்தயமும். பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை வாங்கிக் குடிக்காத பினாங்குத் தமிழர் குறைவு. அதில் சமயம் பார்ப்பதில்லை. மே மாதக் கடைசியில் பாலிக் புலாவிலிருந்து டுரியான் இறங்கும். மங்குஸ்தானும் ரம்புத்தானும் பின்னாலேயே வரும். ஆடியில் கேழ்வரகு மாவு முன்வரிசைக்கு வந்துவிடும், அம்மனுக்குக் கூழ். புரட்டாசியில் சைவம் காக்கும் வீடுகளுக்கான பருப்பு வகைகள் பெருகும். நவராத்திரிக்குக் கொண்டைக்கடலை. ஐப்பசிக்கு முன்பே உளுந்து மாவு, பச்சரிசி மாவு, பாசிப்பருப்பு, நெய், முறுக்கு அச்சு என்று கடையே தீபாவளிக் கோலம் பூண்டுவிடும். டிசம்பரில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான உலர்திராட்சை, முந்திரி, ஏலக்காய்.

கவனியுங்கள்: இது வெறும் வணிகப் பட்டியல் அன்று. பாடநூலில் நாம் சிரமப்பட்டு நடத்தும் மாதப் பெயர்கள், விழாப் பெயர்கள், தானியப் பெயர்கள், சுவைப் பெயர்கள் அத்தனையும் கையால் தொட்டுப் பார்க்கும் வண்ணம் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இஞ்சி 'ஹாலியா' ஆகிவிட்டது. மஞ்சள் 'குனிட்' ஆகிவிட்டது. வெங்காயம் 'பாவாங்' ஆகிவிட்டது. பேரங்காடியில் விலைச்சீட்டு அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், கடைத்தெருவில் ஒரு முதியவர், 'அரை கிலோ மல்லி, கால் கிலோ சோம்பு' என்று கேட்பதைக் காதால் கேட்ட பிள்ளைக்கு அச்சொற்களை நாம் மீண்டும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

பருவ உணவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிறது. டுரியான் டிசம்பரில் வேண்டுமென்று அழுகின்ற பிள்ளையிடம், 'இன்னும் காலம் வரவில்லை' என்று சொல்லிவிடலாம். கரும்பு தைக்குத்தான், நெய்யுருண்டை தீபாவளிக்குத்தான். எல்லாம் எப்போதும் கிடைக்கும் இக்காலத்தில், 'இது இப்போது இல்லை' என்று ஒரு பொருளே பிள்ளைக்குச் சொல்வது எத்தனை பெரிய பாடம்!

கள்ளுக்கும் பருவம் உண்டு

இனி, மதுவைப் பற்றி.

மதுவைப் பற்றித் தமிழாசிரியர் பேசினால் திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தை ஓதிவிட்டு நிறுத்திக்கொள்வார் என்று எதிர்பார்ப்பார்கள். 'கள்ளுண்ணாமை' நடத்த வேண்டிய அதிகாரமே. ஆனால், பிள்ளைகள் வளர்ந்து சங்க இலக்கியம் படிக்கும்போது அங்கே கள்ளும் நறவும் தேறலும் தாராளமாகப் பரிமாறப்படுவதைக் கண்டு திகைப்பார்கள். புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகுவதைக் குறிப்பிடுகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மது வந்த சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆகவே, 'தமிழர் மதுவை அறியாதவர்' என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. அறிந்த சமூகத்தில்தான் வள்ளுவர் மறுத்துச் சொன்னார். அறிந்து மறுப்பதற்கே மதிப்பு அதிகம்.

கள் எப்படி உருவாகிறது என்பதையும் அறிவியல் பாடமாகவே சொல்லிவிடலாம். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிப்பான சாறு சொட்டுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராக இருக்கும், காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியங்கள் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. சில மணி நேரத்தில் அது கள். ஒரு நாளைக் கடந்தால் புளித்து, பிறகு காடியாகிவிடும். ஒரே மரம், ஒரே சாறு. இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பும் சில மணி நேரமும்! கிறிஸ்துமஸ் காலத்தில் சில வீடுகளில் கருந்திராட்சையும் சீனியும் சேர்த்துச் சாடியில் ஊறவைத்து 'ஒயின்' செய்யும் வழக்கமும் இதே நொதித்தல்தான். தமிழ் விவிலியம் அதைத் 'திராட்சரசம்' என்கிறது.

இங்கே ஒன்றை உற்று நோக்க வேண்டும். தமிழகத்தில் பனை ஆண்டு முழுவதும் சாறு தருவதில்லை. தை மாசியில் தொடங்கி ஆடி வாக்கில் ஓய்ந்துவிடும். மலாயாவில் நம்மவர் இறக்கியது தென்னங்கள். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடும். ஆனால் அன்று இறக்கியதை அன்றே குடித்தாக வேண்டும். சுருங்கச் சொன்னால், பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு; தென்னங்கள்ளுக்குப் பொழுது உண்டு. கடை அலமாரியில் நிற்கும் புட்டிக்கு இரண்டும் இல்லை. அது தையிலும் உண்டு, ஆடியிலும் உண்டு. காலை ஏழு மணிக்கும் உண்டு. கரும்பைப் போல அது நம்மைக் காத்திருக்கச் சொல்வதில்லை. மளிகைக்கடையில் பருவம் அறியாத பொருள் அது ஒன்றுதான்.

பொழுதுக்குக் கட்டுப்பட்ட கள்ளே நம் மக்களை என்ன பாடு படுத்தியது என்பதையும் மறக்கலாகாது. இரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. பல இடங்களில் தோட்ட நிர்வாகமே அவற்றை நடத்தியது. கூலி கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. தமிழகத்தில் 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றது வரலாறு. அக்குடும்பத்தைச் சேர்ந்த பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது கப்பலிலிருந்து இறங்கிய இடம் நம் பினாங்கு. நமக்கு அண்டை மாநிலமான கெடாவில், பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி தலைமையில் திரண்ட 'தொண்டர் படை' 1947இல் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் நடத்தியது. காவல்துறையினரோடு மோதல் ஏற்பட்டு, உயிர்ப்பலியும் நிகழ்ந்தது. கள்ளுக்கடையை மூடச் சொல்லி உயிர் கொடுத்த தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கலாம். இதை எத்தனை பேர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு கள்ளின் இடத்தை 'சம்சு' என்று நம்மவர் சொல்லும் மலிவான புட்டிச் சாராயம் பிடித்துக்கொண்டது. அது விற்கப்படும் இடம் தனிக் கடை அன்று. வீட்டுக்கருகில் உள்ள மளிகைக்கடை. சட்டங்களும் மாறி வந்துள்ளன. 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்குவதற்கான வயது 18இலிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோலாலம்பூர் மாநகராட்சி 2021 முதல் மளிகைக்கடைகளிலும் பல்பொருள் சிறுகடைகளிலும் சீன மருந்துக்கடைகளிலும் கடும் மது விற்கக் கூடாது என்று விதித்தது. அவ்விதி தலைநகருக்கு உரியது. மற்ற இடங்களில் அரிசிச் சாக்குக்கும் புட்டிக்கும் இடையே பத்தடிகூட இல்லாத கடைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

ஒரு பட்டியல்

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு வாரம் வீட்டில் வாங்கும் மளிகைப் பொருள்களைப் பட்டியலிட வேண்டும். பிற மொழிப் பெயர்களுக்கு எதிரே தமிழ்ப் பெயர் எழுத வேண்டும். மிக எளிய பயிற்சி, பயனோ பெரிது. 'கிச்சாப்' என்பதற்குத் தமிழ் தேடி வகுப்பே சண்டையிட்டுக்கொள்ளும்.

ஓர் ஆண்டு, மாணவன் ஒருவன் வீட்டிலிருந்த 555 புத்தகத்தையே பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். அப்புத்தகத்தை அறியாத மலேசியர் உண்டா? கையடக்கமான குறிப்பேடு, கடைக்காரர் பற்று எழுதுவது, சம்பளம் வந்ததும் கோடு போட்டு அடிப்பது. அரிசி, சமையல் எண்ணெய், நெத்திலி, முட்டை, பால்மாவு என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். இடையிடையே நான்கு இடங்களில் ஒரு சாராயத்தின் பெயர். மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ் எழுதிவிட்டு அந்த நான்கு இடங்களை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான். மேசைக்கு அருகில் வந்து, எந்தக் கூச்சமும் இல்லாமல் கேட்டான்:

"டீச்சர், இதுக்குத் தமிழ்ல என்ன?"

அவனுக்கு அதுவும் முட்டையைப் போல ஒரு பொருள். பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான். "மது" என்று சொன்னேன். எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தான். மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. கேட்கும்படி நான் பேசவும் இல்லை. அன்று வகுப்பில் மதுவின் தீமையைப் பற்றி அறிவுரை கூறியிருந்தால் அவன் தன் தந்தையைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று புரிந்துகொண்டிருப்பான். பத்து வயதுப் பிள்ளையைத் தன் வீட்டைக் கண்டு வெட்கப்பட வைப்பது கல்வி ஆகாது என்பது என் கருத்து.

தேர்ச்சி அறிக்கை வாங்க அவன் தாயார் வந்தபோது, மற்றவர்கள் போன பிறகு, அந்தப் பட்டியலைக் காட்டினேன். அவர் முதலில் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அரிசிக்கும் எண்ணெய்க்கும் கடன் வச்சா எனக்கு வெட்கமில்ல டீச்சர். ஆனா மொத்தமா ஒரு தொகை சொல்றாங்க, கட்டுறேன். அதுல எது எங்களுக்கு, எது அவருக்குன்னு நான் பாத்ததே இல்ல." இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். ஏறக்குறைய கால் பங்கு புட்டிக்குப் போயிருந்தது. பால்மாவுக்குப் போனதைவிட அது அதிகம்.

அந்தக் கடை எது என்பது இங்கே வேண்டாம். கடைக்காரரும் நம்மவர்தான், நல்லவர், கையில் காசில்லாத நாளில் அரிசி கொடுத்து அப்பகுதிக் குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தவர். அத்தாய் என்னையும் துணைக்கு அழைத்ததால் சென்றேன். அவர் சங்கடத்தோடு சொன்னார்: "நான் குடிக்கச் சொல்லலியே டீச்சர். கேக்குறாரு, எழுதுறேன். இத்தனை வருசம் பழகிட்டு எப்படி இல்லேன்னு சொல்றது?"

அத்தாய்தான் பதில் சொன்னார்: "இல்லேன்னு சொல்ல வேணாம் அண்ணே. எழுத வேணாம்னுதான் கேக்குறேன்."

கடைக்காரர் நெடுநேரம் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு ஒரு புதிய 555 புத்தகத்தை எடுத்து, மேலே அத்தாயின் பெயரை எழுதினார். அதில் உணவுப் பொருள் மட்டும். புட்டி வேண்டுமென்றால் ரொக்கம்.

அதன் பிறகு அத்தந்தை குடியை நிறுத்திவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. வீட்டில் சில நாட்கள் சண்டை நடந்ததாக அறிந்தேன். ஆனால், ரொக்கம் இல்லாத நாளில் புட்டியும் இல்லை என்றானது. மாதக் கடைசியில் அரிசிக்கு முட்டுப்பாடு வருவது குறைந்தது. அடுத்த தீபாவளிக்கு அத்தாய் பட்டியல் எழுதி, பாசிப்பருப்பும் நெய்யும் வாங்கி, நெய்யுருண்டை செய்து பள்ளிக்குக் கொடுத்தனுப்பினார். அதற்கு முன் இரண்டு தீபாவளிகளில் அவ்வீட்டில் பலகாரமே சுடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பருவமில்லாத பொருள் வீட்டுக்குள் நுழைந்தால் பருவத்துக்குரிய பொருள்தான் முதலில் வெளியேறுகிறது.

ரொக்கம் என்ற அறம்

ஒரு கடையில் எதைக் கடனாகக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், உலகக் கூட்டுறவு இயக்கமே ஏறத்தாழ இக்கேள்வியிலிருந்துதான் பிறந்தது. இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறிய மளிகைக்கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே தொடக்கச் சரக்கு. உறுப்பினரில் பலர் நெசவாளர், வறுமையில் உழன்றவர். ஆயினும் அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளில் முதன்மையானவை: சரியான எடை, கலப்படமற்ற பொருள், ரொக்க விற்பனை. கடன் ஏழையை அடிமையாக்கும் என்று அவர்கள் பட்டறிந்திருந்தனர். அதே ஆண்டு அவர்கள் எழுதிய நோக்கங்களில் மது இல்லாத விடுதி ஒன்றை அமைப்பதும் இடம்பெற்றது. மளிகையும் மதுவும் ஒரே குடும்பத்தின் ஒரே வருமானத்திற்குப் போட்டியிடுகின்றன என்பதை அந்த நெசவாளர்கள் அன்றே கண்டிருந்தனர்.

தமிழர்க்கும் இது புதிதன்று. சென்னை திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டிலேயே நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி மளிகை விற்கத் தலைப்பட்டது. மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் வந்தது. துன் வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டத் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிக் காட்டினார். சிறு தொகை சேர்ந்தால் தோட்டமே வாங்கலாம். அதே சிறு தொகை சிதறினால் ஒரு தீபாவளிப் பலகாரத்திற்கும் வழியில்லை. இதைக் கணக்குப் பாடத்தில் சொல்லாமல் வேறெந்தப் பாடத்தில் சொல்வது?

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களே, பினாங்கில் இருப்போர் பிள்ளைகளை ஆண்டுக்கு மூன்று முறையேனும் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள்: தைக்கு முன்பு, ஆடியில், தீபாவளிக்கு முன்பு. நாளும் காலையும் அதிகக் கூட்டமில்லாத வேளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். ஒரு பிடி கடலையும் கொடுப்பார்கள். பிள்ளைகள் கையில் ஒரு தாள் இருந்தால் போதும். இன்று வாசலில் என்ன இருக்கிறது, சென்ற முறை இருந்தது எது இப்போது இல்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதினாலே பெரும்பொழுது பாடம் பாதி முடிந்துவிடும். மற்ற ஊர்களில் இருப்போர்க்கும் அருகில் ஒரு தமிழர் மளிகைக்கடை இல்லாமலா போகும்?

வீட்டுப் பட்டியல் பயிற்சி கொடுத்தால் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். உங்கள் மேசைக்கு மட்டும் வரட்டும். பட்டியலில் ஒரு வீட்டின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. நாம் திருத்த வேண்டியது எழுத்துப் பிழையை. பிள்ளையின் வீட்டை அன்று.

பெற்றோர்களே, உங்களிடம் வேண்டுவன சிலவே. மளிகைப் பட்டியலைத் தமிழில் எழுதுங்கள்; பிள்ளையை எழுத வையுங்கள். அதைவிட நல்ல சொல்வதெழுதுதல் பயிற்சி இல்லை. கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால், புட்டி வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள். 21 வயதுச் சட்டம் அதற்குத் தடை என்பது ஒருபுறம். அந்தப் பிஞ்சுக் கைக்கு அச்சுமை தகாது என்பது மறுபுறம். குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால், அதை ஒரே நாளில் விட இயலாதென்றால், முதற்படியாகக் கணக்கையாவது பிரியுங்கள். சோற்றுக் கடனோடு அதைச் சேர்க்காதீர்கள்.

மளிகைக்கடை வைத்திருக்கும் அன்பர்களே, உங்களில் சிலர் நம் பள்ளிப் பெற்றோரும்கூட. பள்ளி விழாக்களுக்கு அரிசியும் பருப்பும் அள்ளிக் கொடுப்பவர்கள் நீங்கள். மதுவை விற்காதீர் என்று கட்டளையிட எனக்கு உரிமை இல்லை. சட்டத்திற்குட்பட்ட வணிகம் அது. ஆயினும், அதைப் பற்றில் எழுத மாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். அப்படிச் சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. ஒரு கடைக்காரர் சொன்னதை நான் கண்டேன். அவர் வாடிக்கையாளரை இழக்கவில்லை.

அடுத்த மாதம் ஆடி. கேழ்வரகு மாவு வந்துவிட்டதாகக் கேள்வி. ஆறாம் ஆண்டு மாணவர்களோடு கடைத்தெருவுக்குச் செல்லத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று என்னைவிட நன்றாக அறிந்த பாட்டிமார்கள் உங்கள் வீடுகளில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் உடன் வர இசைந்தால் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்கமாட்டார்.